முட்டிவலிக்காரிகள்

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஒருத்தி இறங்குகிறாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலடி ஓடுவதில்லை. 'ஐயோ' என்று கத்துவதில்லை. வீட்டு வாசற்படியிலிருந்து தெருவில் கால் வைப்பது போல வைக்கிறாள். சேலைத் தலைப்புகூட முன்னால் பறப்பதில்லை. கால் பட்ட இடத்திலேயே நின்று, செருப்பைச் சரிசெய்துகொண்டு, எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கிவிடுகிறாள். பஸ் மட்டும் அவளை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது.

முதல் மாதம் இதைப் பார்ப்பதற்கென்றே சாலையோரத்தில் கூட்டம் நின்றது. இரண்டு வருடத்தில் மாடுகூடத் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டது.

ஆலாம்பள்ளத்துக்கும் திருப்பூருக்கும் நடுவே வட்டமடிக்கும் நில்லாப் பேருந்து அது. காலை ஐந்தரைக்கு டிப்போவை விட்டுக் கிளம்பினால் பிற்பகல் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போதுதான் அதன் சக்கரம் நிற்கும். ஏறுவதற்கு ஊருக்கு ஊர் இருநூறு அடி நீளத்தில் ஓடும் மேடை இருந்தது. அதில் ஏறி நின்றால் மெல்ல மெல்ல வேகம் கூட்டி, பஸ்ஸின் வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும். பஸ்ஸும் மேடையும் அக்கம்பக்கமாக ஓடும்போது, கூடத்திலிருந்து சமையலறைக்குப் போவது போல உள்ளே போய்விடலாம். இறங்கவும் அப்படி ஒரு மேடை, வேகத்தை மெல்லக் குறைப்பது, இரண்டாம் கட்டத்தில் வரும் என்றார்கள். அதற்குள், ஓடும் பஸ்ஸிலிருந்தே நோகாமல் இறக்கிவிடும் பட்டை வந்துவிட்டது. மேடை கட்ட நிலம் வேண்டும். பட்டைக்கு இடுப்பு போதும்.

கோகிலவாணி அந்தப் பஸ்ஸின் கண்டக்டர். டிக்கெட் வேலையை இப்போது வாசலே பார்த்துக்கொள்கிறது. அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை. பின்படிக்குப் பக்கத்தில் நின்று, இறங்குகிறவர்களின் இடுப்பைப் பார்ப்பது. பட்டையின் கொக்கியில் கடுகளவு விளக்கு ஒன்று பச்சையாக எரிய வேண்டும். எரிந்தால் "போலாம்" என்பாள். எரியாவிட்டால் கையைக் குறுக்கே நீட்டுவாள். முப்பத்து நாலு வயதில், ஒரு நாளைக்கு எழுநூறு தடவை "போலாம்" சொல்லிச் சொல்லி, வீட்டில் கணவன் சாப்பாடு போதும் என்று கையைக் காட்டினாலும் அவளுக்கு அந்தச் சொல்தான் வாயில் வந்தது.

"உனக்காச்சும் பேச்சு இருக்குது அம்மிணி," என்பார் டிரைவர் குப்புராஜ். "நான் செக்குமாடு. பிரேக்குன்னு ஒண்ணு காலுக்குக் கீழ இருக்குதா, துருப்பிடிச்சுக் கழண்டுருச்சான்னே தெரியல."

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு, பனியன் கம்பெனி வாசல் நெருங்கும்போது, வழக்கம் போலப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். முன்னால் சரசாத்தாள், செக்கிங் பிரிவு, ஐம்பது வயது, நாக்கில் எப்போதும் ஒரு ஊசி வைத்திருப்பவள். அவளுக்குப் பின்னால் அவள் மருமகள் நித்திலா, டெய்லர், கல்யாணமாகி ஏழெட்டு மாதம். சரசாத்தாள் படியை விட்டு இறங்கி, பின்னால் ஒரு புள்ளியாகிப் போனாள். நித்திலாவின் கொக்கியில் விளக்கு பச்சையாக எரிந்தது, அணைந்தது, எரிந்தது. தூக்கக் கலக்கத்தில் கண் இமைப்பது போல.

"இமைக்குது கண்ணு. வேர்வையா இருக்கும். தொடச்சுட்டு மாட்டு."

அப்படித்தான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விளக்கு இமைத்தால் பட்டையைத் துடைத்து மறுபடி மாட்டச் சொல்லவும். நித்திலா துப்பட்டா நுனியால் துடைத்து மாட்டினாள். இரண்டு முறை இமைத்து, மூன்றாவது முறை பச்சை நிலைத்தது.

"போலாம்."

படியில் கால் வைப்பதற்கு முன் நித்திலாவின் இடது கை தானாக அடிவயிற்றுக்குப் போய், ஒரு கணம் அங்கே இருந்துவிட்டு விலகியது. பிறகு அவள் இறங்கிவிட்டாள்.

அடுத்த வளைவில் ஒரு கூத்து நடந்தது. பெரிய துணிப்பையோடு நின்ற ஒரு ஆள், பச்சை எரிகிறது என்று காட்டிவிட்டு ஜம்பமாக இறங்கினான். அவன் நின்றான். அவன் வேட்டி நின்றது. பை மட்டும் நிற்கவில்லை. உள்ளேயிருந்து எவனோ இழுத்தது போல அது அவன் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு முன்னால் பறந்து, விளக்குக் கம்பத்தில் மோதிக் கிழிந்தது. உள்ளே இருந்தது ஒரு நாட்டுக்கோழி.

பஸ்ஸே சிரித்தது. "கோழிக்குப் பட்டை கட்டாம கூட்டிட்டு வந்துட்டான் பாரு!" "நோகாம கொழம்பாயிருச்சு போ!" குப்புராஜ் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அவனுக்கு மத்தியானம் விருந்து, நமக்கில்ல," என்றார்.

கோகிலவாணி சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். பை துணிதானே. அது ஏன் நிற்கவில்லை? பை நின்றிருக்கும். உள்ளே இருந்தது நிற்கவில்லை. அதுதான் பையையும் இழுத்துக்கொண்டு போனது.

உள்ளே இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மணி வரை அவள் எத்தனை "போலாம்" சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

டிப்போவில் பட்டைகளைப் பழுது பார்ப்பவன் ஜாகீர். சுவர் முழுக்க ஆணியில் பட்டைகள் தொங்கும் ஓர் அறையில், டீ கிளாஸை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஜாகீரு, இந்தப் பட்டை துணிக்கு வேலை செய்யுது, செருப்புக்குச் செய்யுது, டிபன் பாக்ஸுக்குச் செய்யுது. கோழிக்கு மட்டும் ஏன் செய்யல?"

"கோழி சமாச்சாரம் அதுக்குள்ள வந்துருச்சா?" அவன் சிரித்தான். "டிபன் பாக்ஸுக்கு உசுரு இல்லல்லக்கா."

"வெளங்கற மாதிரி சொல்லு."

"பஸ்ல உக்காந்திருக்கறவன் சும்மா உக்காந்திருக்கான்னு நாம நெனைக்கிறோம். அவனும் நாப்பதுல ஓடிட்டுத்தான் இருக்கான். பஸ்ஸுக்குள்ள எகிறிக் குதிச்சாலும் குதிச்ச எடத்துலயேதான் விழுவான், ஏன்னா அந்தரத்துலயும் அவன் நாப்பதுல போயிட்டு இருக்கான். அதே ஆளு படியை விட்டு எறங்கினா காலு தரையில நிக்கும், ஒடம்பு நிக்காது. அதான் அந்தக் காலத்துல மூஞ்சி ஒடஞ்சுது. பட்டை என்ன பண்ணுது, அந்த ஓட்டத்தை உச்சந்தலையில இருந்து பாதம் வரைக்கும் ஒரே நேரத்துல உருவி, பஸ்ஸுக்கு அடியில சுத்தற சக்கரத்துக்குக் குடுத்துடுது. எல்லா எலும்பும் ஒண்ணா நிக்கறதால வலி தெரியாது."

"எது ஒடம்பு, எது வேற சாமான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"இதயத்தை வெச்சு. பட்டை ஒரு துடிப்பைக் கேக்கும். அந்தத் துடிப்போட ரத்தம் எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும் ஒரு ஆளு. மேல ஒட்டியிருக்கற உசுரில்லாத சாமானெல்லாம் அவனோட சேத்தி. இன்னொரு துடிப்பு இருந்தா அது வேற ஆளு. வேற ஆளுக்கு வேற பட்டை. கைக்கொழந்தைக்குத் தனியா சின்னப் பட்டை மாட்டறோம்ல?"

"ரெண்டு துடிப்பு கேட்டுதுன்னா?"

"கொஞ்சம் தடுமாறும். அப்புறம் பெருசை எடுத்துக்கும், சின்னதை விட்டுடும்."

"தடுமாறுறப்போ விளக்கு?"

"இமைக்கும்," என்றான் ஜாகீர். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். டீ கிளாஸை எடுத்துத் தரையில் வைத்தான்.



"பட்டையோட உள்பக்கத்துலயே எழுதியிருக்குக்கா," என்றான் மெதுவாக. "கர்ப்பிணிகள் அணியக் கூடாதுன்னு. அவங்களுக்குத்தான் பச்சை வேன் விட்டிருக்காங்களே."

பச்சை வேன் இருந்தது உண்மைதான். மணிக்கு ஒரு தடவை, ஊருக்கு ஊர் நின்று நின்று போகும். வயிறு தள்ளியவர்கள் அதில்தான் போனார்கள். வயிறு தள்ளாத ஒருத்தி அதில் ஏறுவதும் தெருமுனையில் தமுக்கு அடிப்பதும் ஒன்று. மூன்று மாதம் முடியும்வரை யாருக்கும் சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும், நிலைத்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். அம்மா மகளுக்குச் சொல்வாள், மாமியார் மருமகளுக்குச் சொல்வாள். அந்த மூன்று மாதமும் ஒருத்தி எதையும் மாற்றாமல், எப்போதும் போல எழுந்து, எப்போதும் போல பஸ் ஏறி, எப்போதும் போல இறங்க வேண்டும். ஒன்றை மாற்றினாலும் பக்கத்து வீட்டுக்காரி விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிடுவாள்.

"பட்டைக் கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா இது?"

"புகார் ஒண்ணுகூட வரலீக்கா. ரெண்டு வருசத்துல ஒண்ணுகூட."

"எப்படி வரும்? இருக்குதுன்னே சொல்லாத ஒண்ணைத் தொலைச்சுட்டேன்னு யாருகிட்டப் போயிச் சொல்றது?"

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. சித்திரையில் இமைத்த பட்டை ஒன்று, ஓவர்லாக் தைக்கும் உயரமான பெண்ணுடையது. தீபாவளிக்கு முன்னால் இரண்டு. ஒவ்வொருத்தியிடமும் அவள் சொல்லியிருந்தாள்: வேர்வையா இருக்கும், தொடச்சுட்டு மாட்டு. ஒவ்வொருத்தியும் சில நாள் கழித்து நாலைந்து நாள் வராமல் இருந்தாள். திரும்பி வந்தபோது முகம், கழுவிய பலகை மாதிரி இருந்தது. காய்ச்சல் என்றார்கள். அவளும் கஷாயம் குடிக்கச் சொன்னாள்.

அது மட்டுமில்லை. இரண்டு வருடத்துக்கு முன், நில்லாப் பேருந்து தொடங்கும் முன், கண்டக்டர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி. பயணிகள் பயப்படாமலிருக்க முதலில் நீங்கள் பயம் தெளியுங்கள் என்று மைதானத்தில் ஓட்டிய பஸ்ஸிலிருந்து நாற்பது தடவை இறங்கச் சொன்னார்கள். கோகிலவாணி நாற்பது தடவையும் சிரித்துக்கொண்டே இறங்கினாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. கணவனைத் தவிர யாருக்கும் தெரியாது. தன் அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல், மூன்று முடியட்டும் என்று காத்திருந்தாள். வியாழக்கிழமை எல்லாம் முடிந்துபோனது. முந்தின நாள் கேஸ் சிலிண்டரைத் தான் ஒற்றை ஆளாக நகர்த்தியதால்தான் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக வீட்டுக்கு வரும் ஒவ்வொரு சிலிண்டரையும் ஒரு எதிரியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு அதில் சோறு பொங்கினாள்.

"அக்கா," என்றான் ஜாகீர். "தண்ணி குடிக்கிறீங்களா?"

"அந்தப் புள்ள இன்னிக்கு எறங்கிருச்சுடா," என்றாள் அவள். "நான்தான் போலாம்னேன்."

மறுநாள் காலை, ஆலாம்பள்ளம் மேடை பஸ்ஸோடு சேர்ந்து ஓடி வந்தபோது, அவள் முதலில் தேடியது நித்திலாவைத்தான். இருந்தாள். மாமியாருக்குப் பின்னால், சாப்பாட்டுக் கூடையோடு. உள்ளே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கோகிலவாணி நெரிசலில் புகுந்து அவள் பக்கத்தில் போய் நின்று, கம்பியைப் பிடித்துக் குனிந்து, கொக்கியைப் பார்த்தாள்.

இமைத்தது.

இருக்கிறது. இன்னும் இருக்கிறது. நேற்றைய குதிப்பைத் தாண்டி, எப்படியோ பிடித்துக்கொண்டு, எருக்கம் விதையளவு உயிர் ஒன்று அங்கே தட்டிக்கொண்டிருக்கிறது. பட்டை அதைக் கேட்கிறது; கேட்டுவிட்டு, சின்னது என்று ஒதுக்குகிறது.

கம்பெனி வாசலுக்குப் பன்னிரண்டு நிமிடம்.

"கண்ணு, இன்னிக்கு எறங்க வேண்டாம்," என்றாள் நித்திலாவின் காதோடு.

"ஏனுங்க்கா?"

"பட்டை சரியில்ல. என்னோட டிப்போ வரைக்கும் வா. அங்க பஸ் நிக்கும், மெல்ல எறங்கிக்கலாம்."

"டிப்போவுக்கு ரெண்டு மணிக்குத்தானுங்க்கா போகும்? லைன்ல ஆளில்லீன்னா சூப்பர்வைசர் கத்துவாரு." அவள் கொக்கியைத் துடைத்துக் காட்டினாள். "பாருங்க, எரியுது."

"உனக்கு..." என்று தொடங்கிய கோகிலவாணி நிறுத்தினாள். முன் சீட்டில் இரண்டு தலைகள் திரும்பியிருந்தன. பின் சீட்டில் பேச்சு நின்றிருந்தது. கம்பெனிக்குப் போகும் இருபத்து மூன்று பெண்களும் அந்த இரண்டு சீட்டைச் சுற்றித்தான் இருந்தார்கள்.

"அதென்னத்த காதுல ஓதறீங்க கண்டக்டரம்மா?" என்றாள் சரசாத்தாள். "எங்க புள்ளைக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கா. எல்லாரையும் போலத்தான் எறங்குவா."

'ஒண்ணுமில்ல' என்பதை அவள் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தினாள். கோகிலவாணிக்குப் புரிந்தது. மாமியாருக்குத் தெரியும். இத்தனை காதுக்கு நடுவே ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால், இந்தக் கிழவி மருமகளைக் கையைப் பிடித்து முதல் ஆளாக இறக்கிவிடுவாள், ஒன்றுமில்லை என்று ஊருக்குக் காட்டுவதற்காகவே.

எட்டு நிமிடம். காற்று, ஹாரன், யாரோ ஒருத்தியின் போனில் சினிமாப் பாட்டு.

இவளுடைய ரகசியத்தைச் சொல்ல எனக்கு உரிமையில்லை, என்று கோகிலவாணி நினைத்தாள். என்னுடையதைச் சொல்லலாம்.

"அக்கா," என்றாள் சரசாத்தாளிடம், எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்கு ரெண்டு வருசம் முன்னால நாள் தள்ளிப் போச்சு. உங்க யாருக்கும் தெரியாது. எங்கம்மாவுக்கே தெரியாது."

போனில் பாட்டு நின்றது.

"ஒன்பது வருசம் கழிச்சு வந்தது. மூணு முடியட்டும்னு வாயைத் தொறக்கல. அந்த வாரம் இந்தப் பட்டையை மாட்டிட்டு நாப்பது வாட்டி குதிச்சேன். இந்தப் பட்டை ஒரு துடிப்பைத்தான் நிறுத்தும். உள்ள இன்னொண்ணு இருந்தா அதை விட்டுட்டு என்னை மட்டும் நிறுத்தும். நான் நின்னேன். அது நிக்கல." அவள் மூச்சு வாங்கினாள். "நேத்து ஒருத்தன் கையில கோழி போச்சே, பாத்தீங்கல்ல. சிரிச்சோமே. அதேதான்."

கம்பிகள் ஆடின.

"உள்ள ரெண்டு இருந்தா விளக்கு இமைக்கும். வேர்வைன்னு சொல்லிக் குடுத்தாங்க. நானும் வேர்வைன்னே சொன்னேன். உங்களுக்கும் சொல்லியிருக்கேன். எனக்கு நேத்து வரைக்கும் தெரியாது. தெரிஞ்சு சொன்னேன்னு நெனச்சுக்காதீங்க."

ஓவர்லாக் தைக்கும் உயரமான பெண் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் ஒரு தடவை குலுங்கியது. பக்கத்திலிருந்தவள் என்ன என்று கேட்கவில்லை. கையை மட்டும் எடுத்து அவள் தொடையில் வைத்தாள். பின் வரிசையில் ஒருத்தி, "அய்யோ, அப்ப அது..." என்று ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

கம்பெனியின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. வழக்கமாக அதைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து வரிசையில் நிற்பார்கள். நித்திலா எழுந்தாள். எழுந்து, மாமியாரைப் பார்த்தாள். இறங்கினால் ஆபத்து, இறங்காவிட்டால் இருபத்திரண்டு பேருக்கு முன்னால் தான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு அர்த்தம் ஒன்றுதான். அவள் கண் நிறைந்து நின்றது.

சரசாத்தாளும் எழுந்தாள். கூடையை இடுப்பில் இடுக்கினாள். பிறகு, "ஸ்ஸ்..." என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"எனக்கு முட்டி வலிக்குது," என்று அறிவித்தாள். "இந்தப் பட்டை கட்டுனதுல இருந்தே வலிதான். நான் எறங்கல. நித்திலா, நீ ஏன் நிக்கற? ராத்திரியெல்லாம் முட்டி வலிக்குதுன்னு நீயுந்தான மொனகுன? உக்காரு."

நித்திலா உட்கார்ந்தாள்.

அப்புறம் உயரமான பெண், எழுந்தவள், உட்கார்ந்தாள். "எனக்கும் முட்டிங்க." அவளுக்குப் பின்னால் ஒருத்தி: "எனக்கு ரெண்டு முட்டியும்." கல்யாணமாகாத ஒரு பெண், பதினெட்டு வயது இருக்கும், முகம் சிவக்க, "எனக்கும் வலிக்குதுங்க்கா," என்றாள். "உனக்கென்னடி வயசு, முட்டி வலிக்கறதுக்கு?" என்று ஒருத்தி அதட்ட, "ஸ்கூல்ல கோ-கோ வெளையாண்டது," என்றாள் அவள். யாரோ சிரித்தார்கள். அதன்பின் ஒவ்வொருத்தியாக, பேரன் எடுத்தவளிலிருந்து நேற்றுச் சேர்ந்தவள் வரை, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இருபத்து மூன்று பேரும். அவர்களில் யார் தனக்காக உட்கார்ந்தாள், யார் பக்கத்திலிருப்பவளுக்காக உட்கார்ந்தாள் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

கோகிலவாணி ஓடிப் போய் டிரைவர் சீட்டின் பின்னால் நின்றாள். "அண்ணா, நிறுத்துங்க."

"எதை?"

"பஸ்ஸைத்தானுங்ண்ணா."

குப்புராஜ் கண்ணாடியில் பார்த்தார். அவர் எவ்வளவு கேட்டிருந்தார் என்று தெரியவில்லை. பின்னால் ஒன்றரை நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக ஆறு பஸ்கள். ஒன்று நின்றால் ஆறும் தயங்கும். "கெட்டியாப் புடிச்சுக்கச் சொல்லு. எல்லாருக்கும் பழக்கம் விட்டுப் போயிருக்கும்," என்றார். "மெல்லத்தான் புடிப்பேன். அரைக் கிலோமீட்டர் ஆகும், கம்பெனியைத் தாண்டிருவேன். நடந்து வரட்டும்."

காலைப் பெடலில் வைத்தார். எங்கோ அடியில் ஒரு கீச்சொலி கேட்டது. பஸ் தயங்கியது. உள்ளே இருந்த எல்லா உடம்புகளும் மெதுவாக, ஒன்றாக, முன்னால் சாய்ந்தன. வயலில் காற்று அடித்தது போல. இரண்டு வருடமாக யாரும் உணராத சாய்வு அது. ஒருத்தி பக்கத்திலிருந்தவள் தோளைப் பிடித்தாள், அவள் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தாள். சரசாத்தாள் தன் வலது கையை மருமகளின் வயிற்றுக்குக் குறுக்கே, ஜன்னல் கட்டை போல, நீட்டி வைத்திருந்தாள். பார்க்கிறவர்களுக்குக் கூடையைப் பிடித்திருப்பது போல இருந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது. "வண்டி பதினொண்ணு, ஏன் வேகம் குறையுது? காரணம்?"

குப்புராஜ் தொண்டையைக் கனைத்தார். "முட்டி வலிங்க."

"யாருக்கு?"

"எல்லாருக்குங்க."

அன்றிலிருந்து காலை வண்டியும் மாலை வண்டியும் முட்டிவலிக்காரிகளுக்காக நின்றன; அடுத்த வாரம் பட்டைக் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். நல்ல மனிதர், இளம் வயது, டிப்போ அறையில் ஜாகீர் கொடுத்த டீயை நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். கோகிலவாணி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கோழியை, இமைப்பை, நாற்பது குதிப்பை. அவர் முகம் வெளுத்தது. எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில் ஒரு படிவத்தை எடுத்தார்.

"நான் நம்பறேன் மேடம். ஆனா இதை மேல கொண்டு போகணும்னா பேர் வேணும். தேதி, எத்தனாவது வாரம், ஆஸ்பத்திரிச் சீட்டு. உங்களைத் தவிர இன்னும் ஒரு பத்துப் பேராவது."

"என் பேரை எழுதிக்கங்க. மத்தது வராதுங்க."

"அப்போ ஒரே ஒரு கேஸ். அதுவும் ரெண்டு வருசம் முன்னாடி, ஆஸ்பத்திரிக்கே போகாதது." அவர் பேனாவை மூடினார். "எனக்கே கூச்சமா இருக்கு. ஆனா அவங்க இதைத் தற்செயல்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க."

ஜாகீர் சுவரில் தொங்கிய பட்டை ஒன்றை எடுத்து, காரணமில்லாமல் துடைத்துக்கொண்டிருந்தான். "சார், முட்டிவலிக்கும் இதே ஃபாரம்தானா?" என்று கேட்டான்.

இன்ஜினியர் அவனைப் பார்த்தார். பிறகு கோகிலவாணியைப் பார்த்தார். "இதே ஃபாரம்தான்," என்றார் மெதுவாக.

மூன்று நாளில் நாற்பத்தொரு படிவங்கள் சேர்ந்தன. பேர், ஊர், வயது, எந்த முட்டி, எத்தனை மாதமாக வலி. எல்லோரும் தைரியமாகக் கையெழுத்துப் போட்டார்கள். சரசாத்தாள் வலியின் அளவு என்ற கட்டத்தில் பத்துக்குப் பன்னிரண்டு என்று எழுதினாள். மற்ற தடங்களின் கண்டக்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் கோகிலவாணி கேட்டாள், "உங்க பஸ்ல முட்டிவலி இருக்குதுங்களா? விளக்கு இமைக்கிற முட்டிவலி?" ஆண்கள் விழித்தார்கள். பெண்கள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "இருக்குது," என்றார்கள். அந்தத் தடங்களிலிருந்தும் படிவங்கள் வந்தன.

பட்டையால் மூட்டுகளுக்குப் பாதிப்பு இருக்கலாம் என்று ஒரு அறிக்கை வந்தது. அதில் முழங்காலின் படம் இருந்தது, அம்புக்குறி போட்டு. இறங்கும் மேடைகளை உடனே கட்டுவது என்றும், அதுவரை மூட்டு நோவுள்ளவர்களுக்காகக் பஸ்கள் காலையில் கம்பெனி வாசல்களிலும் மாலையில் ஊர்களிலும் நின்று செல்லும் என்றும் அதில் எழுதியிருந்தது. அறிக்கையை ஜாகீர் படித்துக் காட்டினான். கோகிலவாணி கடைசி வரை கேட்டாள். அந்த நாலு முகங்களைப் பற்றி, தன் முகத்தையும் சேர்த்து, அதில் ஒரு வரியும் இல்லை. இருக்காது என்று தெரிந்துதான் கேட்டாள். அன்று வீட்டுக்குப் போனதும் கணவனை அடுப்படிக்குக் கூப்பிட்டு, சிலிண்டரைக் காட்டி, "இது ஒண்ணும் பண்ணலீங்க," என்றாள். அவன் வெகுநேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஐந்து வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. பஸ் கம்பெனியை நெருங்கிக்கொண்டிருந்தபோது சரசாத்தாள் கூடையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தாள். தேங்காய் பர்பி. முதல் துண்டை எடுத்துக்கொண்டு நேராகப் பின்படிக்கு வந்தாள்.

"அம்மிணி, வாயைத் தொறங்க."

"எதுக்குங்க்கா?"

"உங்களுக்குத் தெரியாதல்ல..." என்று சரசாத்தாள் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "எங்க நித்திலா முழுகாம இருக்கா. மூணு முடிஞ்சுருச்சு. மொதல்ல உங்ககிட்டத்தான் சொல்றோம்."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அப்புறம், "அடடா!" என்றது ஒரு குரல். "சொல்லவே இல்ல பாரு!" "கள்ளி, மூஞ்சியப் பாத்தாத் தெரியவே இல்லையே!" "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்... இல்ல இல்ல, சந்தேகமே வரல!" மற்ற இருபத்தொரு பெண்களும் வியந்தார்கள். கோ-கோ பெண் கன்னத்தில் கைவைத்து வாய் பிளந்தாள். முன்னாலிருந்து குப்புராஜ், "அப்படீங்களா! நெசமாவா!" என்று கண்ணாடியில் பார்த்துக் கத்தினார்.

நித்திலா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். கோகிலவாணி வாயில் பர்பியோடு அவளைப் பார்த்தாள்.

"எத்தனை மாசம் கண்ணு?" என்று, ஒவ்வொரு நாளையும் எண்ணி வைத்திருந்தவள் கேட்டாள்.